கேனில் ஒரு கோடு

ஜூலை 2

மனைவி பூங்கோதையை ஈரோடு ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு வந்தேன். அவள் பையில் சுக்கு, பூண்டு, கருப்பட்டி, என் பழைய வேட்டி நான்கு. பிறந்த குழந்தையைப் பழைய வேட்டியில்தான் சுற்ற வேண்டுமாம். புதுத்துணி உறுத்தும்.

முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் மகள் சிந்துஜா இருக்கும் புனேயில் ஆஸ்பத்திரி வசதி நன்றாக இருக்கிறது. அதனால் அங்கேயே வைத்துக்கொள்கிறார்கள்.

வண்டி கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜன்னல் வழியே சொன்னாள். "ஏனுங்க, ரெண்டு மாசம். வீடு இப்ப இருக்கற மாதிரியே இருந்துச்சுன்னா சிந்துவையும் கொழந்தையையும் கூட்டீட்டு வர்றேன். இல்லீன்னா நானும் அங்கயே இருந்துக்கறேன்." கோபமில்லை. கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள்.

"கடைப் பக்கம் போக மாட்டேன்" என்றேன்.

"அதேன் சத்தியமே பண்ணிருக்கீங்களே" என்றாள்.

குடி மறுவாழ்வு மையத்திலிருந்து வந்து இன்றோடு பதினெட்டு நாள். தினமும் எழுதச் சொல்லி கவுன்சலர் அமலி மேடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார். இது அதுவல்ல. இது நான் பால் கூட்டுறவுச் சங்கத்து லேபில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்துவிட்டு வரும்போது கொண்டுவந்த பழைய ரிஜிஸ்டர். பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது. அந்த நோட்டில் இன்று "நன்று" என்று எழுதிவிட்டேன்.

ஜூலை 4

காலை உப்புமா. மதியமும் அதே.

பெருந்துறை ரோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். பருப்பு, துவைக்கும் சோப்பு. ஜூஸ் அடுக்கியிருந்த அலமாரி முன்னால் நிற்கும்படி ஆயிற்று. "நூறு சதம் பழம்" என்று போட்டிருந்தான். நூறு சதம் பசும்பால் என்று சொன்னவர்கள் எத்தனை பேரை நான் பார்த்திருப்பேன். என்னிடம் பாலின் அடர்த்தி அளக்கும் லேக்டோமீட்டர் இருக்கிறது, பொழுதும் இருக்கிறது. நொதிக்க வைத்துப் பார்த்தால் உள்ளே எவ்வளவு சர்க்கரை என்று தெரிந்துவிடும். ஆராய்ச்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு லிட்டர் திராட்சை ஜூஸ் ஐந்து, சர்க்கரை அரைக் கிலோ, கேக்குக்குப் போடும் ஈஸ்ட் ஒரு பாக்கெட், பலூன் ஒரு பாக்கெட். பில் போடும் பெண், "வீட்ல பர்த்டேங்களா சார்?" என்றாள். பேத்தி என்றேன். இன்னும் பிறக்கவில்லை, பேரனா பேத்தியா என்றும் தெரியாது. வாயில் வந்துவிட்டது. போன் நம்பர் கேட்டாள், சொன்னேன். பாயிண்ட் ஏறிவிட்டது என்றாள். பதினொரு வருடமாக ஏறிக்கொண்டிருக்கிறது, இதுவரை ஒரு டப்பர்வேர் டப்பாதான் வந்திருக்கிறது.

ஜூலை 5

முறை: பத்து லிட்டர் தண்ணீர்க் கேனைச் சுடுநீரில் கழுவினேன். ஜூஸ், சர்க்கரை, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த ஈஸ்ட். கேன் வாயில் பலூனை மாட்டி ஊசியால் ஒரு ஓட்டை. உள்ளிருந்து காற்று வெளியே போகும், வெளியிலிருந்து உள்ளே போகாது. லேக்டோமீட்டர் நாற்பது வரைதான் காட்டும். அதன் காம்பு முழுக்க வெளியே நின்றது. அளவுக்கு மீறிய இனிப்பு.

ஜூலை 6

பலூன் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 7

பலூன் அப்படியே. துணி துவைத்தேன்.

ஜூலை 8

பலூன் எழவில்லை. குப்பைக்கூடையிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்துப் படித்தேன். கீழே, மடிப்பில், எறும்பு எழுத்தில்: பதப்படுத்தும் பொருள் 211. அது இருக்கும் இடத்தில் ஈஸ்ட் எப்படி வாழும். பால் கெடாமலிருக்கச் சோடா போட்டவர்களை வரிசையில் நிறுத்தி வைத்தவன் நான். லேபிளைப் படிக்காமல் ஐந்து பெட்டி வாங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

சிங்க்கில் ஊற்றினேன். நல்லதாகப் போயிற்று என்று விட்டிருக்க வேண்டும்.

ஜூலை 10

இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் படித்தேன். பதப்படுத்தி சேர்க்காத ஜூஸ் மேல் தட்டில் இருந்தது. ஐந்து. சர்க்கரை. ஈஸ்ட். அதே பெண். அதே கேள்வி, அதே நம்பர். "பர்த்டே முடிஞ்சுதுங்களா சார்?" என்றாள். தள்ளிப்போயிருக்கிறது என்றேன்.

சாயங்காலம் பூங்கோதை போன் செய்தாள். சிந்துவுக்குக் கால் வீங்கியிருக்கிறதாம், பயப்பட ஒன்றுமில்லையாம். பேச்சுவாக்கில், "வீட்ல சக்கரை தீந்துருச்சுங்களா?" என்றாள்.

"இருக்குது. ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேனுங்க. வெயிலுக்கு ஜூஸ் கீஸ் குடிங்க. நல்லது."

பெண்களுக்கு எங்கேயிருந்தாலும் டப்பாக்களின் ஞாபகம்தான்.

ஜூலை 11

பலூன் எழுந்து நிற்கிறது. காதைக் கேனருகே வைத்தால் எண்ணெயில் கடுகு பொரிவது மாதிரி சத்தம், அதைவிட மெல்லியதாக. அரைமணி நேரம் கேட்டேன்.

ஒன்றைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். கடைக்குப் போக மாட்டேன், கடையில் வாங்க மாட்டேன் என்பதுதான் நான் சிந்துவின் பெயரில் செய்த சத்தியம். வாசகம் அதுதான். அதில் ஜூஸைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஜூலை 13

ரீடிங் 28. நல்ல பசும்பால் ரீடிங். இதே மீட்டரில் இந்த எண் வந்தால் பால்காரர்கள் முகம் மலர்ந்துவிடும். நிறம் மட்டும் ஊதா.

ஜூலை 15

அமலி மேடத்தைப் பார்க்கும் நாள். அவர் கொடுத்த நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், குரலை உயர்த்தாமல் பேசுவார்.

"எல்லா நாளும் 'நன்று'ன்னு எழுதியிருக்கீங்க சார்."

"நல்லாத்தான் இருக்கேன் மேடம்."

"சரிங்க சார். ஒரு நாள் நல்லா இல்லீன்னா அன்னிக்கும் வாங்க. பதினஞ்சு நாள் ஆகோணும்னு இல்ல."

திரும்பும்போது கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு வந்தேன். சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

ஜூலை 17

ஆடி ஒன்று. இன்று முதல் ஒரு மாதத்துக்கு நல்ல காரியம் எதுவும் கிடையாது. "கொழந்தை ஆடியிலதான் பொறக்கும்போல இருக்குதுங்க. ஆவணி பொறந்தப்பறம் ஊருக்கு வர்றதப் பத்திப் பேசிக்கலாம்" என்றாள் பூங்கோதை. சிந்து பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்டேன். குளிக்கப் போயிருக்கிறாளாம். நேற்றும் அதே நேரத்தில் குளிக்கத்தான் போயிருந்தாள்.

ரீடிங் 9.

ஜூலை 20

பூஜ்யம். அதாவது வெறும் தண்ணீர் ரீடிங். பாலில் இந்த ரீடிங் வந்தால் ஆளை உள்ளே வைத்துவிடலாம். ஆனால் இது தண்ணீரில்லை.

ஜூலை 22

பூஜ்யக் கோடும் முங்கிப் போனது. மீட்டர் காட்ட முடியாத இடத்துக்குப் போய்விட்டது. பலூன் சுருங்கிவிட்டது. சர்க்கரை எவ்வளவு இருந்தது என்பது தெரிந்துவிட்டது. ஆராய்ச்சி முடிந்தது.

இன்னும் தெளியவில்லை.

ஜூலை 24

அடியில் சேறுபோல ஈஸ்ட் படிந்திருந்தது. கலங்காமல் மேலே இருப்பதை மட்டும் வேறு கேனுக்கு மாற்ற வேண்டும். மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் வாங்கினேன். ஒரு முனையை வாயில் வைத்து இழுத்தால்தான் ஓட்டம் பிடிக்கும். நாக்கில் பட்டது. துப்பிவிட்டேன்.

நாலேகால் லிட்டர் தேறியது. கேனின் வெளிப்பக்கம் மார்க்கரால் மட்டத்தில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினேன். சொசைட்டியில் இரவு பால் நிற்கும் கேனுக்கு இப்படித்தான் கோடு போடுவோம். காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் யாரோ மொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வீட்டில் ஒன்றும் இல்லாமல் குடிக்காமலிருப்பதில் என்ன பெருமை. இருக்கும்போது கோடு இறங்காமலிருந்தால், அது நிரூபணம். பூங்கோதை வந்ததும் காட்டலாம் என்றுகூட நினைத்தேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது அவ்வளவு நல்ல யோசனையாகத் தெரியவில்லை.

ஜூலை 26

கோடு வரை இருக்கிறது. அவரைக்காய்ப் பொரியல். உப்பு கூடிவிட்டது.

ஜூலை 28

பெண் குழந்தை. காலை பத்து இருபதுக்கு. இரண்டு கிலோ தொள்ளாயிரம். சுகப்பிரசவம்.

பூங்கோதை போட்டோ அனுப்பினாள். முகம் சிவந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருக்கிறது. சுற்றியிருக்கும் துணியில் பச்சைக் கரை. நான் மகளிர் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குக் கட்டிக்கொண்டு போன வேட்டி. அன்று சிந்துவுக்குப் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு.

சிந்துவிடம் கொடு என்றேன். "அசந்து தூங்கறாளுங்க" என்றாள். நியாயம்தான், பெற்றவள் தூங்கத்தான் வேண்டும்.

சந்தோஷமாக இருக்கிறது. சொல்வதற்கு ஆளில்லை. அந்தச் சூப்பர் மார்க்கெட் பெண்ணிடம் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். போகவில்லை. அமலி மேடத்தின் நோட்டில் 'நன்று' என்பதோடு ஒரு வரி கூட்டி எழுதினேன், பேத்தி பிறந்தாள் என்று.

ஆகஸ்ட் 1

கோடு வரை இருக்கிறது.

ஆகஸ்ட் 5

தெளிந்துவிட்டது. கேனுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் காலண்டரின் தேதியை இந்தப் பக்கமிருந்து படிக்க முடிகிறது. தாள் முழுக்கச் சிவப்பாகத் தெரிகிறது, எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமையாக.

ஆகஸ்ட் 7

பதினோராம் நாள். ஆடியென்றாலும் இதைத் தள்ளிப்போட முடியாதாம், பேர் வைத்தார்கள். யாழினி. எங்கள் வீட்டு வழக்கப்படி அம்மாவைப் பெற்ற தாத்தாதான் குழந்தை காதில் மூன்று முறை பேரைச் சொல்ல வேண்டும். சம்பந்தி சொன்னார். வீடியோவில் பார்த்தேன். அவருக்கு நல்ல குரல்.

அளவு சரியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8

அளவு சரியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9

அளவு சரியாக இருக்கிறது. மேஜை விசிறிக்கு எண்ணெய் விட்டேன்.

ஆகஸ்ட் 10

அளவு சரியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 11

பூங்கோதை கேட்டாள், "குரல் ஏனுங்க ஒரு மாதிரி இருக்குது?" சளி என்றேன். "கடைக்குப் போனீங்களா?" என்றாள். போகவில்லை என்றேன். அது உண்மை. "நான் கேட்டது காய்கறிக் கடைங்க" என்றாள். குழந்தை அழும் சத்தம் கேட்டது, வைத்துவிட்டாள்.

அளவு சரியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 14

அமலி மேடம். நோட்டைப் புரட்டினார். ஜூலை முழுக்க நன்று, ஆகஸ்ட் முழுக்க நன்று. மூடி வைத்தார்.

"சார், நீங்க பால் லேப்ல இருந்தவரு. ஒரே ஆளோட பாலு நாப்பது நாளும் ஒரே ரீடிங் காட்டுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

யோசிக்காமல் பதில் வந்துவிட்டது. "ஆளச் சந்தேகப்படுவேன்."

"மாடு நல்ல மாடா இருந்தா?"

"எவ்வளவு நல்ல மாடா இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு நாள் ரீடிங் மாறும் மேடம். மாறலீன்னா யாரோ கை வெச்சு சரி பண்றாங்கன்னு அர்த்தம்."

அவர் நோட்டை என்னிடம் நீட்டினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆகஸ்ட் 15

லீவு நாள். காலையிலிருந்து இந்த ரிஜிஸ்டரை முதலிலிருந்து படித்தேன்.

தண்ணீர் கலந்தவனைப் பிடித்து நிறுத்தினால் அவன் தண்ணீரைப் பற்றிப் பேசவே மாட்டான். முதலில் மாட்டைப் பற்றிப் பேசுவான். தீவனம் சரியில்லை, கன்று போட்டு ஆறு மாசம், மழைக்காலப் புல், மச்சான் வீட்டு விசேஷத்தில் கறக்க நேரமாகிவிட்டது. முப்பத்தொரு வருடம் கேட்டிருக்கிறேன். நாற்பது நாளாக நானும் மாட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 7 அன்று நடந்தது இது. வீடியோவில் ஹால் முழுக்க ஆட்கள். பூங்கோதை போனைப் பிடித்திருந்தாள். சம்பந்தி குனிந்து குழந்தை காதில் பேர் சொன்னார். பூங்கோதை போனைச் சிந்துவின் பக்கம் திருப்பினாள். சிந்து என்னைப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் குழந்தையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்தாள். வெளிச்சம் கண்ணில் படக்கூடாது என்று இருக்கலாம். இல்லை, வெளிச்சத்துக்காக இல்லை.

போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் ஊற்றினேன். காபி டம்ளர். நின்றுகொண்டே குடித்தேன். நன்றாக இருந்தது. அதையும் எழுத வேண்டும். மிக நன்றாக வந்திருந்தது. இரண்டாவது டம்ளரை ஊற்றி, கையில் வைத்துக்கொண்டு, கோட்டைப் பார்த்தேன். ஒரு விரல் இறங்கியிருந்தது. டம்ளரில் இருந்ததைத் திரும்பக் கேனில் ஊற்றினேன். அப்படியும் அரை விரல் குறைந்தது. சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்துக் கோடு வரை ஊற்றினேன். பழக்கப்பட்டவன் மாதிரி அளவாக ஊற்றினேன்.

அளவு சரியாக இருக்கிறது என்று எழுதியதெல்லாம் பொய்யில்லை. அதனால்தான் அது அவ்வளவு கெட்ட வார்த்தையாக இருக்கிறது.

மே மாதம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். புனேயில் ஆஸ்பத்திரி வசதிக்காகப் பிரசவம் அங்கே வைக்கவில்லை. மண்டபத்தில் வளைகாப்பு. ஏழு வகைச் சாதம், நூற்றைம்பது பேர். நான் காலை ஒன்பது மணிக்கே குடித்திருந்தேன். மேடைக்கு வளையல் தட்டை நான்தான் எடுத்து வருவேன் என்று அடம் பிடித்தேனாம். படியில் தடுக்கித் தட்டோடு விழுந்தேன். சிவப்பும் பச்சையுமாக ஏழு டஜன் கண்ணாடி வளையலும் என் நெஞ்சுக்கு அடியில் உடைந்தன. வளைகாப்பன்று ஒரு வளையல் விரிசல் விட்டாலே கிழவிகள் முகம் மாறும். ஒரு தட்டு முழுக்க நொறுங்கியது. அப்புறமும் நான் எழுந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சிரித்தேனாம். சிரித்தது எனக்கு ஞாபகமில்லை. சிந்துவின் கைகள் ஞாபகமிருக்கின்றன. சந்தனம் பூசி, வளையலுக்காக நீட்டியபடி, வெறுமையாக இருந்தன. அன்று மண்டபத்திலிருந்தே புனேக்குப் போனாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கேன் இன்னும் சமையலறையில் இருக்கிறது. சிங்க்கில் ஊற்றிவிடலாம். ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் சிக்கல்.

ஆகஸ்ட் 17

ஆவணி ஒன்று. பூங்கோதை காலையிலேயே கூப்பிட்டாள்.

"ஆவணி பொறந்துருச்சுங்க. சிந்து கேக்கறா, ஊருக்கு வர்றதான்னு."

அவள் கேட்கிறாள் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

"நான் உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "குடிச்சீங்களா?"

சமையலறை வாசலில் நின்றிருந்தேன். எதிரே கேன். அளவு கோடு வரை சரியாக இருந்தது. அவள் நேரில் வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மீட்டர் போட்டாலும் முடியாது, ஒரு டம்ளர் தண்ணீர் அதில் தெரியாது. எனக்கே அது தெரியும், நான்தான் இந்த ஜில்லாவில் அதை நன்றாகத் தெரிந்தவன்.

"ஒரு டம்ளர்" என்றேன். "பேர் வெச்ச அன்னைக்கு. ஜூஸ்ல நானே போட்டது. தண்ணி ஊத்தி சரி பண்ணி வெச்சிருக்கேன்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"தெரியுமுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"டம்ளர் தெரியாது. மத்ததெல்லாம் தெரியும். அந்தக் கடையில நீங்க குடுக்கறது யாரு நம்பருங்க? பில்லு பூராம் என்ற வாட்ஸ்அப்புக்குத்தேன் வருது. திராட்சை ஜூஸ் அஞ்சு. சக்கரை. ஈஸ்ட்டு. பலூன். எனக்கு மொதல்ல வெளங்கல, சிந்துதேன் பாத்துட்டுச் சொன்னா."

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். பதினொரு வருடமாக வாய் தானாகச் சொல்லும் நம்பர். பாயிண்ட் ஏறும் நம்பர்.

"அன்னைக்கே கேட்டிருக்கலாமல்ல?"

"கேட்டா இல்லீன்னு சொல்லியிருப்பீங்க. அப்பறம் அந்தப் பொய்யையும் நீங்க சொமக்கோணும், நானும் சொமக்கோணும். ரெண்டு தடவ வாங்குனீங்க. மூணாவது பில்லு எப்ப வருமோன்னு இந்தப் போனையே பாத்துட்டு இருந்தேன். கொழந்தைக்குப் பால் பாட்டில் கழுவும்போதும் பாத்தேன். வரல. அதுக்கப்பறம் ஒண்ணுமே வரல. பருப்பு கூட வாங்கலீங்களே, என்ன சாப்புட்டீங்க?"

அவள் அழுதாள். நானும் அழுதேன். இதை மறைக்கப் போவதில்லை.

"கொட்டிடறேன்" என்றேன்.

"கொட்டுங்க. நான் வந்து கொட்டுனா அது என்ற வேலையாயிரும்." பிறகு, "டம்ளர் விசயத்தச் சிந்துகிட்டச் சொல்லுவேனுங்க. மறைக்க மாட்டேன். வர்றதும் வராததும் இனி அவ இஷ்டம்."

"சொல்லு" என்றேன்.

நாலேகால் லிட்டரும் சிங்க்கில் போக மூன்று நிமிடம் ஆயிற்று. வாசனை சாயங்காலம் வரை இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெளியில் போய் நின்றேன்.

ஆகஸ்ட் 18

கேனைக் கழுவினேன். மார்க்கர் கோடு போகவில்லை. தேங்காய் நாரும் சபீனா பவுடரும் போட்டுத் தேய்த்தும் மங்கலாக இருக்கிறது. குடிதண்ணீருக்கு வைத்துக்கொண்டேன்.

போன் வரவில்லை.

ஆகஸ்ட் 19

அமலி மேடம் சொன்னபடி, பதினைந்து நாள் ஆகாமலே போனேன். இந்த ரிஜிஸ்டரைக் கொடுத்தேன். முன் பக்கங்களில் பழைய பால் கணக்குகள் இருந்தன, அவற்றையும் விடாமல் புரட்டிவிட்டு இதற்கு வந்தார். முழுக்கப் படித்தார். டீ ஆறிப்போயிற்று.

"இனிமே இதுலயே எழுதுங்க சார். நான் குடுத்த நோட்டத் திருப்பிக் குடுத்துருங்க, வேற யாருக்காச்சும் ஆகும்" என்றார்.

போன் வரவில்லை.

ஆகஸ்ட் 21

போன் வரவில்லை. இன்று அந்தத் தெரு வழியாகவே வந்தேன். கடை திறந்திருந்தது. உள்ளே போகவில்லை. தாகம் இருந்தது, அதையும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 23

பூங்கோதை அனுப்பியது ஒரு வரி: "சொல்லிட்டேன்." நான் "சரி" என்று அனுப்பினேன். அதற்குமேல் கேட்கத் தைரியமில்லை. வராவிட்டால் சிந்துவின் தப்பில்லை. என் வீட்டுப் பெண்ணுக்கு என் வீட்டு வாசல்படியே ஆகாமல் போனதற்கு நான்தான் காரணம்.

ஆகஸ்ட் 26

சமையலறையில் ஒரு பொருளும் இல்லை. சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து.

ஜூஸ் அலமாரியைத் தாண்டிப் போனேன். நிற்கவில்லை என்று எழுத மாட்டேன், ஒரு மூச்சு நேரம் நின்றேன். பிறகு குழந்தைச் சாமான்கள் இருக்கும் வரிசைக்குப் போனேன். அங்கே நான் இதுவரை போனதில்லை. எதை எடுப்பது என்று தெரியவில்லை. பவுடர், சோப்பு, டயப்பர் ஒரு கட்டு, குடை மாதிரி விரியும் கொசுவலை. பூண்டு கால் கிலோ, பெற்றவளுக்கு ஆகும். கொஞ்சம் பருப்பு எனக்கு. லேபிள்களைக் கண்ணாடி போட்டுப் படித்தேன், டயப்பரில் மட்டும் படம் அழகாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "தள்ளிப்போன பர்த்டே இதுதானுங்களா சார்? பாப்பா பொறந்தாச்சுங்களா?" என்றாள்.

"பொறந்தாச்சு. யாழினி."

"நம்பர் சொல்லுங்க சார்."

பத்து எண்ணையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "சார், மெதுவாச் சொல்ல வேண்டாம், எனக்கே பாதி தெரியும்" என்று சிரித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர் உச்சுக் கொட்டினார்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பூங்கோதையின் நம்பரில்லை. மே மாதத்துக்குப் பிறகு திரையில் வராத பேர்.

அழைப்பு இல்லை, செய்திதான். அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"டயப்பர் சைஸ் தப்புப்பா. அது ஆறு மாசக் கொழந்தைக்கு. சின்ன சைஸ் கேட்டு மாத்துங்க. கொசுவலை இருக்கட்டும், அங்க கொசு ஜாஸ்தி."

வெயிலில் நின்று நாலைந்து முறை படித்தேன். பிறகு கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண் மறுபடியும் நம்பர் கேட்டாள்.